சூட்டு எரியும் நேரம்

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு மாடியில் நண்பர்கள் நான்கு பேர் கூடி, பகடை உருட்டிக் கதாபாத்திர விளையாட்டு ஆடுகிறோம். நடத்துவது நான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் பழைய நிலவறைச் சாகசமான ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ஐ ரூன்க்வெஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டின் விதிகளில் நடத்தத் தொடங்கினேன். அதிலுள்ள அத்தனை அரக்கர்களின் எண்களையும் புது விதிக்கு மாற்றி எக்செல்லில் ஏற்ற ஆறு மாதம் ஆயிற்று. முதல் குகையிலேயே கோபால்ட் என்ற குட்டி அரக்கன் வெட்டி நண்பரின் வீரனுக்குக் கால் போய்விட்டது. இப்போது யாருக்கும் உள்ளே போக மனமில்லை. அரக்கர்களைப் பாதியாகக் குறைக்கலாமா? சிதறால், திருநந்திக்கரை என்று குகைகளை நம் ஊருக்கே கொண்டுவந்தால் சரியாக இருக்குமா? நல்ல பகடை வாங்க ஆகும் செலவு வேறு ஒரு தொல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இங்கே கரண்ட் இல்லை. மேசை இழுப்பறையைத் துழாவியதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டு கிடைத்தது. பற்றவைத்ததுமே மனம் தானாகக் கணக்குப் போட்டது: இது முக்கால் மணிநேரம் வரும், அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அம்மாவன், என் தாய்மாமன். அவரை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கால் போன வீரன் வந்து சேர்ந்தான்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஆறு மாதமா? தம்பி, ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரு போகம் மரச்சீனி நட்டுப் பிடுங்கியிருக்கலாம். கோப்ளின் என்ற இன்னொரு குட்டி அரக்கனின் கைவலிமை எத்தனை, கேடயம் பிடிக்கும் திறமை நூற்றுக்கு எத்தனை என்று நூறு வரி எழுதியிருப்பீர்கள். அதில் எத்தனை வரி மேசையில் பயன்பட்டது? ஒரு கோப்ளினுக்கு நாலு எண் போதும். அதை ஆட்டத்தின் நடுவே, சாயா ஆறுவதற்குள் போட்டுவிடலாம். ஆனால் அந்தச் சாகசத்திலிருந்து எதைக் கட்டாயம் தூக்கி வந்திருக்க வேண்டுமோ, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

காலைப் பற்றி ஒரு வரி. ரூன்க்வெஸ்ட் 1978இல் வந்தபோதே அடி எந்த உறுப்பில் விழுகிறது என்பதற்குத் தனிப் பகடை வைத்திருந்தார்கள். இருபது முகப் பகடையில் 1 முதல் 8 வரை விழுந்தால் கால். நூறு அடியில் நாற்பது காலில்தான். ஆகவே அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பழைய விதியில் மட்டும் அவன் பிழைத்திருப்பானா? முதல் லெவல் வீரனுக்கு எட்டு முகப் பகடையில் விழுவதுதான் உயிர். ஒன்று விழுந்தால் ஒன்று, ஒரே அடியில் தீர்ந்தது. பழைய ஆட்டத்திலும் வாளை உருவிக்கொண்டு முதல் குகைக்குள் ஓடினவன் செத்தான்.

அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படி ஆடினார்கள்? பொன்னைப் பாருங்கள். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வெளியே கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப்புள்ளி. ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 புள்ளி. வீரன் இரண்டாம் லெவலுக்கு ஏற 2000 புள்ளி வேண்டும். கொன்றே ஏறுவதென்றால் 400 கோப்ளின், அதுவும் புள்ளியை யாருக்கும் பங்கு கொடுக்காமல். எந்த மடையனும் அதைச் செய்யமாட்டான். ஒளிந்து போவான், பேரம் பேசுவான், பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

நீங்கள் நடத்தும் அதே சாகசத்தில் கோப்ளின் குகையில் ஒரு இடம் வரும். காவல் கோப்ளின்கள் கூச்சலிட்டபடி ரகசியக் கதவு வழியாக 250 பொற்காசு கொண்ட மூட்டையைப் பக்கத்துக் குகைக்குள் எறியும். அங்கிருக்கும் ஆகர் என்ற பெரிய அரக்கன் காசை வாங்கிக்கொண்டு சண்டைக்கு வரும். கூலிக்காரன். உங்கள் எக்செல்லில் அந்த ஆகரின் உடல் எடைகூட இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மூட்டை இருக்கிறதா?

ரூன்க்வெஸ்ட்டில் வாளைப் பயன்படுத்தி வெற்றிபெற்றால் வாள்திறமை ஏற வாய்ப்பு உண்டு. ஆகவே உங்கள் நண்பர்கள் வாளைப் பயன்படுத்தப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அதே விதிப்புத்தகத்தில் காசு கொடுத்துப் பயிற்சி பெறும் பகுதியும் இருக்கிறது. அதைப் பெரிதாக்குங்கள். குகையிலிருந்து வரும் பொன் அந்தச் சாகசத்தில் வரும் கோட்டைக்குள் ஆசானிடம் போகட்டும், திறமை அங்கே ஏறட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் நடை மாறிவிடும்.

சிதறால் பற்றி: வேண்டாம். சிதறாலில் மேலேறிப் பார்த்திருப்பீர்கள். தொங்கும் பாறைக்கு அடியில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், பக்கத்தில் பகவதி. திருநந்திக்கரை பாறையில் குடைந்த ஒற்றைக் கோயில். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். நம் முன்னோர் மனிதன் ஓரிடத்தில் உட்காருவதற்காகக் குகை வெட்டினார்கள், வழிதப்பி அலைவதற்காக அல்ல. அதற்குள் கோபால்டை விடாதீர்கள், பாவம்.

பகடைச் செலவு பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் திருவனந்தபுரம் விடுதியில் ஆடியபோது புளியங்கொட்டையில் 1 முதல் 20 வரை எழுதி சிரட்டையில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அமெரிக்காவிலேயே 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்து, விளையாட்டுப் பெட்டிக்குள் எண் போட்ட அட்டைத்துண்டுகளை வைத்து விற்றிருக்கிறார்கள். போதும்.

இனி அம்மாவன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். திருவட்டாறு கோயிலில் பங்குனி உற்சவம், ராத்திரி கதகளி. நான் தூங்கிவிழுந்ததால் பாதியில் கிளம்பினோம். வீட்டுக்கு மூன்று மைல். கையில் இரண்டு சூட்டு. காய்ந்த தென்னோலையை இறுக்கிக் கட்டிய பந்தம், உங்கள் தலைமுறை பார்த்திருக்காது. சும்மா பிடித்தால் நுனி கனிந்துகொண்டிருக்கும். வீசினால் தீ எழும்பி வழி தெரியும், ஆனால் சீக்கிரம் தீரும். எனக்கு வீசுவதில் கொதி. “எலேய், வீசாத. குழி வரும்ப சொல்லுதேன்” என்று இரண்டு முறை சொன்னார்.

வழியில் அவருடைய கூட்டுக்காரர் ஒருவர் எதிரே வந்தார். ரப்பர் விலை, யாருடையதோ கல்யாணம், ஒரு எல்லைத் தகராறு. நின்று பேசினார்கள். நான் சூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சு முடிந்தபோது முதல் சூட்டு என் விரலருகே வந்திருந்தது. அம்மாவன் அதைப் பார்த்தார், கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. “மக்கா, இனி ஒண்ணுதான் இருக்கு. ஓடையில ஒத்தத்தடிப் பாலம். அதுல ஏறும்ப வெளிச்சம் வேணும். அதுவரை இருட்டுல நடப்போம். வேட்டிய பிடிச்சுக்கோ.”

அந்த ஒரு மைல் எனக்கு இன்றும் ஞாபகமிருக்கிறது. எங்கோ ஒரு பலாச்சக்கை தொம்மென்று விழுந்தபோது நான் வேட்டியைக் கிழித்தேவிட்டேன். இத்தனைக்கும் எங்களைத் தாக்க ஒன்றுமே வரவில்லை.

பல வருடம் கழித்து விடுதியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பந்த விதியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கதைக்குள் பத்து நிமிடம் ஒரு சுற்று. ஒரு தீப்பந்தம் ஆறு சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் இருட்டிலிருந்து ஏதோ வருகிறது. ஒரு பந்தம் தீர்வதற்குள் மூன்று உருட்டல், ஏதாவது வந்து சேர வாய்ப்பு நூற்றுக்கு 42. அப்படி வருவதிடம் பெரும்பாலும் பொன் இருக்காது, உயிர்ச்சேதம் மட்டும்தான். கதவைத் தட்டிப் பார்ப்பதா, சுவரைத் தடவுவதா, நின்று வாதாடுவதா என எல்லாம் பந்தத்தின் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் யாரோ உட்கார்ந்து எழுதியதை அம்மாவன் படித்ததில்லை. அவர் விதிப்படி ஆடியிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். கோபால்ட் இருக்கிறது, வெட்டு இருக்கிறது, எக்செல் இருக்கிறது. பந்தம் என்ற சொல்லே இல்லை. உங்கள் நண்பர்கள் எந்த வெளிச்சத்தில் அந்தக் குகைக்குள் போனார்கள்? டியூப்லைட்டிலா?

ரூன்க்வெஸ்ட்டோ வேறெதுவோ, விதி எதுவானாலும் சரி. ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் அடியுங்கள். அவர்கள் மேசையில் நின்று வாதாடினாலும் அடியுங்கள், வாய்விட்டுச் சொல்லி அடியுங்கள். இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை பகடையை அவர்கள் கண்முன் உருட்டுங்கள். அரக்கர்கள் இருக்கிறபடியே இருக்கட்டும்.

கால் போன வீரனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஊன்றுகோலோடு வரிசையில் கடைசி ஆளாக நடக்கட்டும். சூட்டை அவன் கையில் கொடுங்கள், அந்தத் தாளையும் பென்சிலையும் உங்கள் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். மற்ற மூன்று பேரும் அவரைப் பார்த்துப் பார்த்து நடப்பார்கள்.