மச்சான் டிக்கெட்டுக்கு மனைவியின் நகையா?

கேள்வி: குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். மே விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் பினாங்கு, லங்காவி, புக்கெட் தீவுகளுக்குப் போய்வரத் திட்டம். நாங்கள் 4 பேர், மனைவியின் அண்ணன் குடும்பம் 4 பேர். "இப்ப நீங்களே சேர்த்துக் கட்டிடுங்க மாப்பிள்ளை, அப்புறம் தர்றேன்" என்கிறார் மச்சான். மொத்தம் 4 லட்சம். மனைவியின் 16 பவுன் ஏற்கெனவே ஒரு நிதி நிறுவனத்தில் அடகில் இருக்கிறது. 2022-ல் 2 லட்சம் வாங்கினேன். பவுன் விலை ஏறும்போதெல்லாம் மேலே வாங்கி இப்போது 5 லட்சம். நூற்றுக்கு ஒண்ணேகால் வட்டி. அதே நகைக்கு இன்னும் 4 லட்சம் தருகிறார்களாம். முன்பணம் 40,000 கட்டிவிட்டேன். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். ஆனால் உங்களுக்கு ஆபத்து கப்பலால் இல்லை, பவுன் விலை ஏறினால் மேலே கடன் வாங்கும் பழக்கத்தால்.

2022 அடகுச் சீட்டையும் இன்றைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆரம், அதே வளையல், அதே எடை. கடன் மட்டும் இரண்டரை மடங்கு. விலை ஏறியதில் உங்கள் மனைவிக்குக் கிடைத்த லாபத்தை நீங்கள் கடனாக எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள். நாளைக்கு விலை இறங்கினால், "வித்தியாசத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஏலம்" என்று நோட்டீஸ் வரும்.

கணக்கு இதுதான். 5 லட்சத்துக்கு மாதம் 6,250 வட்டி. 9 லட்சமானால் 11,250. வருடத்துக்கு 1,35,000, அசலில் ஒரு ரூபாய் குறையாமல். இதில் மச்சான் பங்கு 2 லட்சத்துக்கு மட்டும் வருடம் 30,000. அவர் சொன்னபடி அசலைத் திருப்பித் தந்தாலும் இந்த வட்டியைத் தருவாரா? கேட்கவே உங்களுக்கு வாய் வராது. அதனால் இப்போதே சொல்லிவிடுங்கள்: "மச்சான், உங்க டிக்கெட்டை நீங்க போட்டுக்கங்க." உங்கள் மனைவியும் கூட இருந்து சொல்லட்டும், நகை அவருடையது.

பயண ஏஜென்ட் அடுத்து, "இப்போது பயணம், பிறகு தவணை" என்பார். வட்டியில்லாத் தவணை என்றாலும் செயலாக்கக் கட்டணம் உண்டு, அதற்கு ஜி.எஸ்.டி. உண்டு, ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடி கிடைக்காது. கடன் இருக்கிறவருக்கு இது இன்னொரு கடன். வேண்டாம்.

4 லட்சத்தோடும் முடியாது. பல கப்பல்களில் ஊழியர் டிப்ஸ் என்று தலைக்கு, நாளுக்கு 15 டாலரை ஒட்டிப் பிடிப்பார்கள். 4 பேர், 4 இரவு என்றாலே 20,000 ரூபாய் தாண்டும். இணையம், கரையில் சுற்றிப்பார்ப்பது எல்லாம் தனி. கப்பலில் மருத்துவரைப் பார்த்தாலும் டாலரில்தான் பில். கப்பல் பயணத்தையும் சேர்க்கும் காப்பீடு இல்லாமல் ஏறவே கூடாது. தீவுகளைப் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவதால், ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவும் வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாக் கட்டணத்தோடு டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிப்பதற்கு மட்டும் கவலைப்படாதீர்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது வரியில் கழியும் அல்லது திரும்பிவிடும்.

இந்த மே மாதப் பயணத்தை விட்டுவிடுங்கள். கூடுதல் கடனுக்கு வட்டியாகப் போயிருக்கும் 5,000-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால் வருடத்தில் 60,000. ஐயப்ப சீசன் வியாபாரத்தில் வருவதில் முதல் 1 லட்சம் அடகு அசலுக்கு, மீதியில்தான் கப்பல். போதாவிட்டால் தீவு ஒன்று குறையட்டும். அதற்குள் கடனை ஒரு வங்கிக்கு மாற்றப் பாருங்கள். வருடம் 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தாலும் 5 லட்சத்துக்கு 25,000 மிச்சமாகும்.

முன்பணம் 40,000-ல் எவ்வளவு திரும்பும், தேதியை அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்களா என்று ஏஜென்ட்டிடம் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். கப்பல் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் கூடும். முழுதும் போனாலும் 40,000-தான். அதைக் காப்பாற்ற 4 லட்சம் கடன் வாங்காதீர்கள்.