வாசகர் கேள்வி – பதில்: பாட்டு டீச்சர் விட்டுச் சென்றது

சிறு வயதில் தங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை எங்கள் தெருக்கோடியில் இருந்த டீச்சரிடம் பாட்டு கற்றேன். அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்ததும் அது நின்றுபோனது. நான் மேடை ஏறியதில்லை. வங்கியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். ஆனால் மின்விசிறி ஓடினால்கூட அந்த ஓசையில் 'ச' பிடித்து முணுமுணுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சென்ற மாதம் டீச்சர் காலமான செய்தி வந்தபோது, பெற்றவளை இழந்ததுபோல் அழுதேன். நாற்பது ஆண்டுகளாக அவரைப் பார்க்கவுமில்லை, கற்றதைத் தொடரவுமில்லை. பின் ஏன் இவ்வளவு துக்கம்?
– வாசகி, திருச்சி

பதில்: மின்விசிறியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கற்றதைத் தொடரவில்லை என்கிறீர்கள். அன்று பாடிய கீதம், வர்ணம் போன்ற பாடங்கள் மறந்திருக்கலாம். ஆனால் எந்த ஓசை காதில் விழுந்தாலும் அதற்குள் ஆதார சுருதியை, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக நிற்கும் ஓசையைத் தேடுகிற காது, நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் சாதகம் (பயிற்சி) செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் வகுப்பு தொடங்கியதும் எங்களைப் பாடவிடமாட்டார். துருத்தி வைத்த சுருதிப் பெட்டியை இடது கையால் அசைத்தபடி, சிறிது நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொருவராக 'ச' சொல்ல வேண்டும். சேரவில்லை என்றால் தப்பு என்று சொல்லமாட்டார். "இன்னும் கொஞ்சம் கேளு கண்ணு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நாங்கள் மறுபடி வாயை மூடிக்கொண்டு கேட்போம். இன்றும் கோயிலில் நாகசுரம் வாசிக்கக் கேட்டால் என் காது முதலில் போய் நிற்பது, கூடவே ஒரே சுருதியை விடாமல் ஊதும் ஒத்தின் ஓசையில்தான். அதற்குப் பிறகுதான் ராகம் எது என்ற நினைப்பே வரும். அதைப் பழக்கியது அந்த அறை.

குழந்தைப் பருவத்தில் நம்மோடு பேசுகிறவர்கள் பலர். நாம் சொல்லும் செய்தியை அம்மா கேட்கிறாள்; விடை சரியா என்று பள்ளி ஆசிரியர் கேட்கிறார். நம் குரலைக் குரலாகவே, அதன் நடுக்கம், மூச்சு எங்கே போதாமல் போகிறது, எந்த இடத்தில் பயம் வந்து தொண்டையை அடைக்கிறது என்பது உட்பட, எதிரில் உட்கார்ந்து வாரந்தோறும் கேட்ட மனிதர் பாட்டு டீச்சர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு வரியை அவர் பாட, நீங்கள் பாட, அவர் மறுபடி பாட, நீங்கள் மறுபடி பாட என்று ஐந்து ஆண்டுகள் நடந்திருக்கிறது. அப்படி ஒருவர் குரல் வழியே இன்னொருவர் குரல் உருவாகும் உறவு, பிற்காலத்தில் நாம் கொள்ளும் பெரும்பாலான உறவுகளைவிட நெருக்கமானது. நீங்கள் இழந்தது உங்கள் குரலை முதன்முதலில் அறிந்தவரை. அதற்கு அழுதது இயல்பு. நாற்பது ஆண்டு இடைவெளிக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

அவருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றினால், ஒரு நாள் காலையில் தனியாக உட்கார்ந்து, மலஹரி ராகத்தில் எல்லோரும் முதலில் கற்கும் 'ஸ்ரீ கணநாத' கீதத்தைப் பாடிப் பாருங்கள். 'லம்போதர லகுமிகரா' என்ற இடம் வரும்போது கை தானாகத் தாளம் போடுவதைக் கவனிப்பீர்கள். சாகித்யம் (பாட்டின் சொற்கள்) மறந்த இடங்களிலும் கை மறந்திருக்காது.

கேள்வி: என் டீச்சர் ஒரு வருடம் முழுவதும் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்க சுரப் பயிற்சிகளைத் தவிர வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது மூன்று மாதத்தில் பாட்டு கற்றுத் தருகிறார்கள். அந்த ஒரு வருடம் வீணா? எல்லோரும் ஏன் மாயாமாளவகௌளை ராகத்திலேயே தொடங்குகிறார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்த வரிசைகளை முறைப்படுத்தித் தந்தவர் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புரந்தரதாசர் என்பது மரபு. 72 மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) 15ஆவதான மாயாமாளவகௌளையைத் தொடக்கப் பாடத்துக்குத் தேர்ந்ததில் ஒரு வசதி இருக்கிறது. 'ச ரி க ம' என்று ஏறும்போது சுரங்களுக்கு இடையே என்ன இடைவெளிகள் உள்ளனவோ, 'ப த நி ச' என்று ஏறும்போதும் அதே இடைவெளிகள்தாம் உள்ளன. குழந்தை பாதி ஏணியைச் சரியாக ஏறிவிட்டால், மீதிப் பாதியும் அதே அடிகள். மேலும் 'ச'வுக்கும் 'ரி'க்கும் இடையே மிகக் குறுகிய தூரம். 'ரி'யிலிருந்து 'க'வுக்கு நீண்ட தாவல். தூரங்கள் இப்படித் தெளிவாக வேறுபடும்போது காது அவற்றை எளிதாகப் பிடித்துக்கொள்கிறது.

சரளியும் ஜண்டையும் முடிந்தபின் வரும் ஏழு அலங்காரங்கள் தாளத்துக்கானவை. ஏக தாளத்தின் 4 அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை), ரூபகத்தின் 6, திரிபுடையின் 7, மட்யத்துக்கும் ஜம்பைக்கும் 10, துருவத்துக்கும் அடவுக்கும் 14 என்று கை எண்ணிப் பழகுகிறது. ஒரே வரிசையை மூன்று காலத்தில் (வேகத்தில்) பாடும்போது, நேரத்தை இரண்டாகவும் நான்காகவும் வகுக்கும் கணக்கு, கணக்கு என்று தெரியாமலே உள்ளே போய்விடுகிறது.

ஆகவே அந்த ஒரு வருடம் வீணில்லை. அதே சமயம், உங்கள் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. பத்து மாதங்களுக்குப் பிறகும் ஒரு சின்னக் கீதம்கூட இல்லாமல் பிள்ளைகளை வெறும் வரிசையிலேயே நிறுத்தி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏழு வயதுக் குழந்தைக்குப் பாட்டின் மேல் ஆசை வாடாமல் இருப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான். ஆனால் மூன்று மாதத்தில் கற்ற பாட்டு, கேட்ட பாட்டாக மட்டுமே நிற்கும். புதிதாக ஒரு பாட்டைக் கேட்டு அதன் சுரங்களைத் தாமே கண்டுகொள்ளும் திறமை உங்களிடம் இருக்குமானால், அது அந்த ஒரு வருடம் தந்தது.

கேள்வி: எனக்குப் பதின்மூன்று வயதில் குரல் உடைந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் என் ஆசிரியர், "உன் குரல் போய்விட்டது, இனி வராதே" என்றார். அதன்பின் நான் வாய் திறந்து பாடியதேயில்லை. என் மகளுக்குத் தாலாட்டுக்கூடப் பாட முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொள்கிறது. எனக்கு வயது நாற்பத்திரண்டு.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் குரல் போகவில்லை. அது வளர்ந்துகொண்டிருந்தது.

மகரக்கட்டு என்று நாம் சொல்லும் இந்தப் பருவத்தில் ஆண் பிள்ளைகளின் குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள தூரம்) கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு, ஆனால் மிகக் குறைவு. நேற்று வரை ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிய பையனால் இன்று அந்த 'ப'வைத் தொட முடியாது; தொட முயன்றால் குரல் இரண்டாகப் பிளக்கும். அறிந்த ஆசிரியர் செய்வது என்னவென்றால், சுருதியை இறக்கி, பாடும் நேரத்தைக் குறைத்து, சில மாதங்களுக்குத் தாளத்திலும் சுரம் எழுதுவதிலும் கேள்வி ஞானத்திலும் பிள்ளையை ஈடுபடுத்தி வைப்பது. குரல் ஒன்று அல்லது இரண்டு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் வந்து நிலைத்ததும் மறுபடி பாட வைக்கலாம். உங்கள் ஆசிரியர் இதைச் செய்யத் தவறிவிட்டார். தவறு அவருடையது, முப்பது ஆண்டுகளாக நீங்கள் அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆசிரியரின் செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது நாம் நன்றியை மட்டுமே பேசுகிறோம். ஆனால் ஒரு குழந்தையின் குரலுக்குள் நுழைய அனுமதி பெற்றவர் சொல்லும் கடுஞ்சொல்லும் அதே வழியில்தான் உள்ளே போகிறது, அதே அளவு நிலைக்கிறது. இதைக் கற்பிக்கும் ஒவ்வொருவரும், நான் உட்பட, நினைவில் வைக்க வேண்டும்.

கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் பாட்டுக்கு ஒத்துவராது என்று அவருடைய இளமையில் சொல்லப்பட்டது இசையுலகில் பலரும் அறிந்த செய்தி. கோட்டுவாத்திய (வீணை போன்ற ஒரு வாத்தியம்) வித்வான் திருவிடைமருதூர் சகாராம ராவிடம் அவர் பயின்றார்; வாத்தியத்தின் இழைவைக் குரலில் கொண்டுவர அயராது உழைத்தார். 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவ்வளவு தூரம் நீங்கள் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. குரலைப் பற்றி ஒருவர் சொன்ன தீர்ப்பு எவ்வளவு பிழையாக இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றிரவு மகள் தூங்கும்போது பாட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு, உங்களுக்கு இதமாக வரும் தாழ்ந்த சுருதியில் வெறுமனே முனகுங்கள். தாலாட்டுக்கு 'ஆராரோ' இரண்டு மூன்று சுரங்களுக்குள் அடங்கிவிடும். சில நாள் கழித்து வாய் தானாகத் திறக்கும். குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் அது அப்பாவின் குரல் என்பதுதான்.

கேள்வி: என் மகள் தன் ஆசிரியையைப் போலவே பாடுகிறாள், மூச்சு எடுக்கும் இடம்கூட அப்படியே இருக்கிறது. சொந்தப் பாணி வராமலே போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: மகளுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பதினெட்டுக்குள் என்றால் கவலையே வேண்டாம். சுரத்தை அசைத்து இழைத்துப் பாடும் கமகம் எழுத்தில் அடங்காதது, ஆசிரியரின் தொண்டையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறீர்கள், தியாகராஜர் வாழ்ந்த திருவையாறு உங்களுக்குப் பக்கம். தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவரிடம் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவரிடம் பூச்சி சீனிவாச ஐயங்கார், அவரிடம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், அவரிடம் பாலக்காடு கே.வி. நாராயணசாமி என்று ஒரு பாடம் கைமாறி வந்திருக்கிறது. அரியக்குடியின் கச்சேரி மத்திம காலத்தின் (நடுத்தர வேகத்தின்) துடிப்புக்குப் பெயர் பெற்றது. நாராயணசாமியின் பாட்டு குழைவுக்கும் உருக்கத்துக்கும் பெயர் பெற்றது. பாடம் ஒன்றுதான், ஆனால் குரு சீடனுக்குள் கரைந்தபின் வெளிவந்தது சீடனின் சொந்தக் குரல்.

பாடகர் எம்.டி. ராமநாதன் இன்னும் அழகான உதாரணம். தாழ்ந்த சுருதி, நிதானமான காலப்பிரமாணம் (வேகம்) என்று அவரைப்போல இன்னொருவர் பாடிவிட முடியாது. ஆனால் அவர் இயற்றிய கிருதிகளில் தன் முத்திரையாக வைத்தது 'வரததாச' என்ற சொல்லை. அவருடைய குரு டைகர் வரதாச்சாரியார். உங்கள் மகள் இப்போது இரவல் வாங்குகிறாள் என்று எண்ணாதீர்கள், வேர் விடுகிறாள்.

கேள்வி: என் பேரன் கைபேசி வழியே வெளியூர் ஆசிரியரிடம் பாட்டு கற்கிறான். முன்போல ஆசிரியரின் தாக்கம் இதில் ஏற்படுமா?
– வாசகர், மதுரை

பதில்: நல்ல ஆசிரியர் கிடைக்காத ஊர்களுக்கு இது பெரிய உதவி, நானும் அப்படிச் சில பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் ஓசை போய்ச் சேர நேரமாவதால் இருவரும் சேர்ந்து பாடவோ, ஒரே தாளம் போடவோ முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: இந்தச் செயலிகள் தம்பூராவின் தொடர்ந்த ஓசையை இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடுகின்றன. இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பேரன் பக்கத்தில் தனியாக ஒரு சுருதிப் பெட்டி ஒலிக்கட்டும். பாடம் முடிந்த பின்னும் ஐந்து நிமிடம் அதை நிறுத்தாமல் கேட்கச் சொல்லுங்கள்.

கோடை விடுமுறையில் ஒரு வாரமாவது அவனை அந்த ஆசிரியரின் ஊருக்கு அழைத்துப் போய், எதிரில் உட்கார வைத்து, இருவரும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடும்படி செய்யுங்கள். முதல் முறை இரண்டு குரலும் ஒன்றாகச் சேரும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.