நிறுவனரே சிஇஓவாக இருக்கிறார், ஐபிஓவில் பணம் போடலாமா?

கேள்வி: ஒரு ஸ்டார்ட்அப்பின் ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கான முதல் பங்கு விற்பனை, வரப்போகிறது. தொடங்கியவரே சிஇஓவாகத் தொடர்கிறார் என்பதால் நம்பிக்கையாக இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருக்கும் 2 லட்சத்தை இதில் போடலாமா?

பதில்: கல்லூரிப் பணத்தை மட்டும் தொடாதீர்கள். அது எஃப்டியிலேயே இருக்கட்டும்.

நிறுவனர் தொடர்வது நல்லதுதான். கல்லா எங்கே ஒழுகுகிறது என்பது அவருக்குத் தெரிகிற அளவுக்கு வெளியிலிருந்து வருபவருக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் விலை சரியா என்பதற்கு அவர் உத்தரவாதம் இல்லை. 2021 நவம்பரில் பேடிஎம் பங்கு 2,150 ரூபாய்க்கு வந்தது. ஒரு லாட், அதாவது விண்ணப்பிக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகுப்பு, 6 பங்கு, 12,900 ரூபாய். சந்தையில் பட்டியலாகி வாங்கல் விற்றல் தொடங்கிய அன்று மாலையே அது சுமார் 9,400 ஆகிவிட்டது. அதன் நிறுவனர் விஜய் சேகர் சர்மா அன்றும் சிஇஓ, அதற்குப் பிறகும் சிஇஓ.

சென்னையில் பிறந்த மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் 36 டாலருக்கு வந்தது. 2024 மே மாதம் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சிஇஓ பதவியை டென்னிஸ் வுட்சைடிடம் ஒப்படைத்தபோது பங்கு 20 டாலருக்கும் கீழே. இத்தனைக்கும் கம்பெனியின் வருமானம் வருடா வருடம் கூடிக்கொண்டுதான் இருந்தது. இன்றைய சிஇஓ நாளைக்கும் இருப்பார் என்று எழுதிக்கொடுப்பவர் யாரும் இல்லை.

சரி, எதைப் பார்ப்பது? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் இணையதளத்தில் ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ், அதாவது ஐபிஓவுக்கு முன் கம்பெனி தரும் விவர ஆவணம், கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நிறுவனரை 'புரமோட்டர்' (கம்பெனியைக் கட்டுப்படுத்துபவர்) என்று போட்டிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். புரமோட்டர் என்றால், ஐபிஓவுக்குப் பிந்தைய மூலதனத்தில் 20 சதவீத அளவுக்கான பங்குகளைப் பொதுவாக 18 மாதம் விற்க முடியாது. புரமோட்டரே இல்லை என்று போட்டிருந்தால் அந்தப் பிடி கிடையாது. பேடிஎம் அப்படித்தான் வந்தது. நிறுவனருக்குக் கொடுத்த 2.1 கோடி இசாப்புகள் (ஊழியர்களுக்கான பங்கு உரிமைகள்) பற்றிப் பின்னர் செபி கேள்வி எழுப்ப, 2025-ல் அவர் அவற்றை விட்டுக்கொடுத்தார்.

அப்புறம், 'ஆஃபர் ஃபார் சேல்' எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பணம் கம்பெனிக்குப் போகாது, விற்கிற பழைய பங்குதாரர்களுக்குப் போகும். பேடிஎம் திரட்டிய 18,300 கோடியில் 10,000 கோடி அப்படிப் போனதுதான். விற்பவர்கள் பட்டியலில் நிறுவனர் பெயர் இருந்து, அவர் கையிலுள்ளதில் பெரும்பகுதியை விற்கிறார் என்றால் நான் ஒதுங்கிவிடுவேன்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஆசை விடவில்லையென்றால், ஐந்து வருடம் தேவைப்படாத வேறு பணத்தில் ஒரே ஒரு லாட்டுக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பட்டியலான பின் இரண்டு காலாண்டு முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சந்தையிலேயே வாங்கலாம்.