ஜேம்ஸ் டக்ளஸ் எப்படி மோர்ட்டன் எர்ல் ஆனார்?

எர்ல் என்பது, நிலவுரிமையோடு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் பிரபுப் பட்டம். ஆனால் சிறுவனாக இருந்த மன்னர் ஆறாம் ஜேம்ஸின் சார்பில் 1572 முதல் 1578 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட நான்காம் மோர்ட்டன் எர்ல் ஜேம்ஸ் டக்ளஸின் தந்தை சர் ஜார்ஜ் டக்ளஸ், எர்ல் அல்லர்.

மூன்றாம் எர்லுக்கு ஆண் வாரிசு இல்லை, மகள்கள் மூவர். கடைசி மகள் எலிசபெத்தை மணந்த ஜேம்ஸுக்குப் பட்டமும் நிலமும் வந்து சேர்ந்தன. மகன் இல்லாத வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை பொறுப்பேற்பதைப் போன்றதே இது. மருமகனும் டக்ளஸ் குலத்தவர் என்பதால் குடும்பப் பெயரும் தப்பியது. மணவாழ்க்கைதான் துயரமானது: எலிசபெத் மனநலம் குன்றினார்.

மன்னர் ஆறாம் ஜேம்ஸின் தந்தை டார்ன்லி பிரபுவின் கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டில், 1581 ஜூன் 2 அன்று எடின்பரோவில் ஜேம்ஸ் டக்ளஸின் தலை துண்டிக்கப்பட்டது. பட்டத்தை எலிசபெத்தின் அக்காள் பீட்ரிக்ஸின் மகன் மேக்ஸ்வெல் பிரபு பெற்றார்.

ஜேம்ஸ் டக்ளஸின் தலையை வெட்டிய ‘மெய்டன்’ என்னும் எந்திரத்துக்கு முதல் பலி இவரே என்று பலர் சொல்வது தவறு. 1564இல் செய்யப்பட்ட அது, இவருக்கு முன்பே பயன்பாட்டில் இருந்தது.