வெளிநாட்டு நிவாரணம் சில நேரம் பொருளாக வராமல் பணமாக வருவது ஏன்?

வெள்ளம், நிலநடுக்கம், பஞ்சம் தாக்கிய நாட்டுக்குப் பிற நாடுகள் செய்யும் அவசர உதவிதான் மனிதாபிமான உதவி. 1960களில் நமக்கு அமெரிக்கக் கோதுமை வந்ததே, அதுபோல முன்பு பெரும்பாலும் தானியம்தான். கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம், வாடகையும் அதிகம். அமெரிக்க உணவு உதவியில் பாதியாவது அவர்கள் நாட்டுக் கப்பலிலேயே போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது! அதனால் இப்போது உதவியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்கள் கையிலேயே பணமாகக் கொடுக்கிறார்கள்.

மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது என்று வையுங்கள். மேலே கடைகளில் அரிசி இருக்கிறது. வேலை நின்றுபோன தோட்டத் தொழிலாளியிடம்தான் காசில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இலவச அரிசியைக் குப்பனூர் வழியாகச் சுற்றி ஏற்றினால், மலைக்கடைக்காரரின் வியாபாரமும் படுத்துவிடும். பணமாகக் கொடுத்தால் இருவரும் பிழைப்பார்கள். சரி, சந்தையில் சரக்கே இல்லையென்றால்? அப்போது மூட்டைதான் வேண்டும்.

கையில் பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.