வான் ரீனன் இறக்கமும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்

தம்பி, நாமக்கல்லில் எட்டு வருடம் லாரி ஓட்டிவிட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கிறீர்கள். "இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் போடச் சொல்கிறார்கள், அது இன்ஜினைக் கெடுக்காதா? எப்போது போடுவது?" என்று கேட்டிருந்தீர்கள்.

கெடுக்காது. புகைக்குழாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத புகை பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். அந்த நேரத்தில் டீசலும் போகாது. கால் பிரேக்கில் உரசிப் பிடிக்கும் லைனிங் பட்டை மாதிரி தேய்ந்துபோக அதில் எதுவும் இல்லை.

ஆனால் ஸ்விட்சைப் போட்டால் வண்டி தானாக அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் பலம் இன்ஜின் சுற்றில்தான் இருக்கிறது. பெரிய கியரில் சுற்று குறைவாக இருந்தால் அது சும்மா உறுமும், அவ்வளவுதான். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலில் விட்டாலோ அதுவும் இல்லை. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்களே, அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருந்தால் ஊரோடு விட்டுவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டர்பன் கடலோரம். நடுவில் டிராக்கன்ஸ்பர்க் மலையில் வான் ரீனன் கணவாய், அப்புறம் ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை டவுன் ஹில். இங்கே ட்ரெய்லரோடு மொத்த எடை 56 டன் வரை போகலாம்.

நான் வந்த முதல் வருடம், மக்காச்சோள லோடோடு டவுன் ஹில்லில் கால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் எவ்வளவு மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை, கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் சக்கரத்தில் புகை. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறினால் லைனிங்குக்குப் பிடிப்பே இருக்காது. எப்படியோ ஓரம் கட்டினேன். பின்னால் வந்து நிறுத்தியவர், டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி டிரைவர். பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழில் அவருக்கு வருவது "தம்பி", "மெதுவா", "சாப்பிட்டியா" மட்டும். அந்த "மெதுவா"வை நாலு தடவை சொல்லிவிட்டு மற்றதை இங்கிலீஷில் திட்டினார்.

அவர் சொன்னதைத்தான் இன்றும் செய்கிறேன். இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டின் தலையிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். இறங்க ஆரம்பித்தபின் கியர் தேடினால் மாட்டாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடும். "ஏறின கியரில் இறங்கு" என்று நம்மூரில் சொல்வோம். இன்றைய இன்ஜின்கள் பெரிய கியரிலேயே ஏறிவிடுவதால், அதற்கும் ஒன்றிரண்டு கீழே இறக்குங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அதையும் மீறிச் சுற்று சிவப்புக் கோட்டை நெருங்கினால், கால் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்து, பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் டிரம்மைச் சுட வைக்கிறது.

குறுக்கு வழி என்று டர்பன் பக்கத்தில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்காதீர்கள். 2013-ல் ஒரு லாரி அங்கே டாக்சிகள் மேல் மோதி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் பெரிய லாரிகளுக்கு அங்கே தடை.

மழையிலும் வான் ரீனன் மூடுபனியிலும், காலி ட்ரெய்லர் என்றால் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது இன்ஜின் ஓட்டும் சக்கரங்களை மட்டும். ஈரத்தில் அவை வழுக்கினால் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டி கத்தரிக்கோல் மாதிரி மடங்கும். அப்போது சின்ன கியரும் நிதானமும் போதும். டர்பனுக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் திட்டுவார்கள், திட்டட்டும்.