உறை இல்லாத தயிர்

அன்புள்ள ஐயா,

காரைதீவிலிருந்து எழுதுகிறேன். வயது 22. கவிதை எழுதுவேன். எங்கள் ஊரில் சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றுக்குப் போனேன். கடவுள்கூட இல்லாத ஒன்றைப் படைப்பதில்லை, இருக்கிற மாயையிலிருந்துதான் உலகத்தை ஆக்குகிறார் என்றார்கள். சக்தியை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று பௌதிகவியலில் படித்தோம். ‘சூரியனுக்குக் கீழே நூதனமானது ஒன்றுமில்லை’ என்று பைபிளும் சொல்கிறது. கடவுளாலேயே முடியாததை நான் எப்படிச் செய்வது? எழுதுவதை விட்டுவிடலாமா? மூன்று கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீ என்றே எழுதுகிறேன், என் மகனின் வயது உனக்கு.

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் சின்னம்மா போன் எடுத்து, இனித் தயிர் போடப்போவதில்லை, கை நடுங்குது, சட்டி தூக்க ஏலாது என்று சொன்னார். சரி, உறையையாவது நான் வந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “பெத்தாட உறை, கவனமா வெச்சிரு” என்றார். அந்தச் சொல் நாள் முழுக்க என்னை விடவில்லை. பெத்தா, என் பாட்டி, போய் முப்பது வருடமாகிறது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு, இன்றையதில் ஒரு கரண்டி நாளைய பாலுக்கு என்று வந்துகொண்டிருக்கும் ஒன்றில் பெத்தாவுடையது என்று எது மிஞ்சியிருக்கிறது? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் கடிதத்தைத் திறந்தேன்.

பௌதிகவியலை விடு. அது சக்தியின் கணக்கு, அந்தக் கணக்கில் கவிதை வராது. நீ சொன்ன பைபிள் வரி பிரசங்கியின் வசனம், எல்லாவற்றையும் ஆண்டு அனுபவித்துக் களைத்துப்போன ஒருவரின் வாயிலிருந்து வருவது. 22 வயதில் அதை நீ கடன் வாங்கக் கூடாது.

சித்தாந்தத்துக்கு வருவோம். வகுப்பில் சொன்னது சரி, நீ பாதியைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகத்துக்கு மாயை என்ற மூலப்பொருள் முதற்காரணம், இறைவனின் ஆற்றலான சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது. இதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தபோதே இது நன்றாக அலசப்பட்ட விஷயம். உனக்கு இதில் கடவுளின் ஏழ்மை தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிவது வேறு. பதி, அதாவது இறைவன், மட்டுமா அநாதி, தொடக்கம் இல்லாதவன்? பசு என்கிற உயிரும் அநாதி, பாசம் என்கிற கட்டும் அநாதி. அப்படியென்றால் உன்னை அவன் செய்யவில்லை. அவன் எவ்வளவு பழையவனோ நீயும் அவ்வளவு பழையவன். தான் செய்யாத ஒருவனுக்காக உடம்பும் கருவிகளும் உலகமும் அனுபவங்களும், தனு கரண புவன போகம் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்களே, அத்தனையையும் மாயையிலிருந்து ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்குவதைவிட இது பெரிய காரியமாக எனக்குப் படுகிறது. இதைக் கேட்டுவிட்டு வந்தா கை சோர்ந்து உட்கார்ந்தாய்?

காத்தான்குடியில் எனக்கொரு சிநேகிதர் இருக்கிறார், மௌலவி. கல்லடிப் பாலத்தடியில் இருந்து இதைப் பல தடவை பேசியிருக்கிறோம். அல்லாஹ் ‘குன்’, ஆகு, என்று சொன்னால் ஆகிவிடும், அவனுக்கு மண்ணும் வேண்டாம் மாயையும் வேண்டாம் என்பார். அவர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எங்கள் இருவரில் யாரும் மற்றவரை வென்றதில்லை, வெல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

இனித் தயிர். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் சூறாவளி அடித்தது. எனக்குப் பத்து வயது. விடிந்தபோது வளவில் ஒரு தென்னை நிற்கவில்லை, அடுக்களைக் கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை. எங்கள் பட்டியில் பாதி எருமைகள் செத்துப்போயின. உறைச் சட்டி உடைந்து சேற்றோடு சேறாகக் கிடந்தது. பெத்தா கூரைக்கு அழவில்லை, அந்தச் சட்டிக்கு அழுதார். அது அவருடைய தாய் வீட்டிலிருந்து வந்த உறை. பக்கத்து வீடுகளில் கேட்கலாம் என்றால் அங்கும் அதே கதைதான்.

சில நாள் கழித்து, தப்பிய எருமை ஒன்றில் கொஞ்சம் பால் கறந்தார்கள். பெத்தா அதைக் காய்ச்சி, விரலை விட்டுப் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஏழெட்டுச் செத்தல் மிளகாயின் காம்புகளை மட்டும் கிள்ளி உள்ளே போட்டு மூடி வைத்தார். மிளகாயை இல்லை, காம்பை. நான் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் திறந்தால் தண்ணியும் திரளையுமாக, மணமும் சரியில்லை. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டார். அதுவும் இளகித்தான் இருந்தது. நாலாவது சட்டி, ஐந்தாவது சட்டி என்று போகப்போக இறுகியது. ஒரு கிழமையில் சட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர். பெத்தா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்மட தயிர் இல்ல புள்ள, இது வேற ஆரோ” என்றார். தயிரை ‘ஆரோ’ என்று சொன்னார்! பிறகு அயலில் எல்லாரும் வந்து சிரட்டையில் வாங்கிக்கொண்டு போனது அந்த உறையைத்தான். சின்னம்மா இப்போது பெத்தாட உறை என்று சொல்வதும் அதுதான்.

அது புதிதா, பழையதா? பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர் அந்தக் காம்பில் முன்பே ஒட்டிக்கொண்டு இருந்தது. பாலில் சீனியும் புரதமும் இருந்தன, அந்தச் சீனியைத் தின்று அது புளிப்பாக்கியது, புளிப்பில் புரதம் திரண்டது, மிச்சத் தண்ணியை மண்சட்டி உறிஞ்சிக்கொண்டது. ஒன்றும் வெறுமையிலிருந்து வரவில்லை. மெய்கண்டார் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பெத்தாவின் நாக்கு பொய் சொல்லுமா? முன்பு உலகத்தில் இல்லாத ஒருவர் வந்திருக்கிறார் என்று அது கண்டுபிடித்தது. இதே இடத்தில்தான் நையாயிகர்கள், நியாயம் என்ற தர்க்கத் தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், அந்தக் காலத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்: தயிர் பாலுக்குள் முன்பே இருந்தது, இப்போது வெளிப்பட்டது என்கிறீர்களே, சரி, அந்த வெளிப்படுதல் முன்பே இருந்ததா இல்லையா? இருந்தது என்றால் பால் எப்போதும் தயிராகவே இருந்திருக்க வேண்டும். இல்லை என்றால் இல்லாத ஒன்று தோன்றிவிட்டது. சித்தாந்திகளிடம் இதற்கு மறுமொழி உண்டு, படித்திருக்கிறேன். என் மனம் மட்டும் இன்னும் அந்தக் கேள்வியை விட்டு நகரவில்லை. பொருள் பழையது என்பதை ஒப்புக்கொள்கிறேன், தம்பி. வெளிப்படுதல் ஒவ்வொரு தடவையும் புதிது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஐந்து சட்டிகளையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ காரைதீவு என்பதால் ஒன்று கேட்கிறேன். 1892இல் உன் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியுமா, இல்லை சிலையைப் பார்த்ததோடு சரியா? யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆன பிறகு, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் உரைகளையும் கையில் வைத்துக்கொண்டு, விஞ்ஞானம் படித்த மூளையால் சுருதிகளைக் கணக்குப் போட்டு, அந்தக் கருவியின் வடிவத்தையும் இசையையும் திரும்ப எழுப்பப் பார்த்தார். பல வருட உழைப்பு. 1947இல் யாழ் நூல் அரங்கேறியது, அதே வருடம் அவர் காலமானார். எல்லாம் பழைய வரிகள்தான். ஆனால் அவருக்கு முன் எத்தனை பேர் அதே வரிகளை மனப்பாடம் செய்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்! அந்த ஊர் மண்ணில் நடந்துகொண்டு ‘புதிதாக ஒன்றும் இல்லையாம், விட்டுவிடவா’ என்று கேட்கிறாயே, எனக்குக் கோபம்தான் வருகிறது. உனக்குத் தத்துவச் சிக்கல் ஒன்றும் இல்லை. மூன்று கவிதை எழுதிக் களைத்துவிட்டாய், அவ்வளவுதான். அதற்கு மெய்கண்டாரைச் சாட்சிக்கு இழுக்காதே.

கவிதைகளைப் படித்தேன். முதலாவதும் மூன்றாவதும் நீ படித்தவர்களின் குரல், கிழித்துப் போடு. இரண்டாவதில், கரைவலை இழுத்து முடித்த உன் அப்பா உள்ளங்கையை விரித்துக் கயிற்றுத் தடத்தைப் பார்க்கும் அந்த நான்கு வரி மட்டும் இருக்கட்டும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த கவிதையில் விட்டுப் பார். இளகித்தான் வரும். வந்ததும் எனக்கு அனுப்பு.

நாளைக்கு நான் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன், உறை எடுக்க.